புராணம்னா ‘அட்வைஸ்’ புத்தகமா? சாகசம் கேட்கும் குழந்தைக்கு எதை வாங்கலாம்?

பத்து வயதுக் குழந்தை ‘ஹாரி பாட்டர்’ வரிசையை முடித்துவிட்டு, “அடுத்து என்ன?” என்று கேட்கிறது. பெற்றோருக்கு உடனே நினைவுக்கு வருவது மகாபாரதமும் ராமாயணமும்தான். ஆசையாக ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தால், நாலு பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டு, “இதுல ஒரே அட்வைஸா இருக்கு” என்று பதில் வருகிறது.

இத்தனைக்கும் மகாபாரதத்தில் என்ன இல்லை? எரியும் அரக்கு மாளிகை, அதற்கு அடியில் ரகசியச் சுரங்கம், காட்டில் இடும்பனோடு சண்டை, ஊரையே மிரட்டும் பகாசுரன், மாறுவேடத்தில் ஒரு வருடம்... சாகசத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், குழந்தைகளுக்கான பல புத்தகங்கள் இதையெல்லாம் ரெண்டு வரியில் சுருக்கிவிட்டு, நீதியை ரெண்டு பக்கத்துக்கு நீட்டிவிடுகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பெர்ஸி ஜாக்ஸன் எப்படி ஜெயித்தான்?

புராணத்தைச் சாகசமாக மாற்றுவதற்குச் சிறந்த உதாரணம், அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரியோர்டனின் ‘பெர்ஸி ஜாக்ஸன்’ வரிசை. ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய மகனுக்கு ஏடிஹெச்டி எனும் கவனக்குறைபாடும், டிஸ்லெக்ஸியா எனும் வாசிப்புச் சிரமமும் இருந்தன. தூங்கப் போகும் நேரத்தில் மகனுக்குக் கிரேக்கப் புராணக் கதைகளைச் சொல்லிவந்தார். இருந்த கதைகள் தீர்ந்துபோனதும், புதிதாக ஒன்றைச் சொல்லச் சொல்லி மகன் கேட்க, பிறந்தவன்தான் பெர்ஸி. முதல் புத்தகம் 2005-ல் வெளியானது.

பெர்ஸிக்கும் அதே இரண்டு சிரமங்கள் உண்டு. எழுத்துகள் அவனைக் குழப்புவதற்குக் காரணம், அவன் மூளை பண்டைய கிரேக்க மொழிக்குப் பழகியது என்று கதை சொல்கிறது. கடல் கடவுளின் மகனாக இருந்தாலும், பள்ளியில் திட்டு வாங்கும் பையன். படிக்கும் குழந்தை, ‘இவன் என்னை மாதிரி’ என்று ஒட்டிக்கொள்கிறது. கிரேக்கக் கடவுள்களின் பெயர்கள் தானாக மனதில் பதிகின்றன.

நம் கதைகளில் அப்படி இருக்கா?

இருக்கு. 2018-ல் வந்த ‘ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்’ நாவலை எழுதியவர் ரோஷனி சோக்ஷி. ரியோர்டனின் பெயரில் டிஸ்னி தொடங்கிய பதிப்பு வரிசையின் முதல் புத்தகம் இது. அட்லாண்டாவில் வசிக்கும் 12 வயது ஆரு, பள்ளித் தோழர்களிடம் விட்ட பீலாவை நிரூபிப்பதற்காகத் தொடக்கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள். தூங்கிக்கொண்டிருந்த ஆபத்து விழித்துக்கொள்கிறது. அதன்பிறகுதான் தெரிகிறது, பாண்டவர்களின் ஆன்மா இந்தத் தலைமுறையில் பெண் குழந்தைகளாகப் பிறந்திருக்கிறது என்று. மொத்தம் 5 புத்தகங்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் படிக்கும் 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது.

மூலக்கதையே வேண்டும் என்பவர்களுக்கு, அர்ஷியா சத்தாரின் ‘ராமாயணா ஃபார் சில்ட்ரன்’ உண்டு. கிளைக்கதைகளில் ஆர்வம் என்றால் சுதா மூர்த்தியின் ‘தி சர்ப்பன்ட்ஸ் ரிவெஞ்ச்’. பலரும் கேள்விப்படாத மகாபாரதக் கதைகளின் தொகுப்பு அது.

சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்ட இரண்டு புத்தகங்கள் கொஞ்சம் ஸ்பெஷல். ஒன்று, சம்ஹிதா ஆர்னி எழுதி, வரைந்த மகாபாரதம். எட்டு வயதில் அவர் தொடங்கிய வேலை, 1996-ல் புத்தகமானது. ஒரு குழந்தையின் கண்ணால் சொன்ன கதை என்பதால் பெரியவர்களின் பிரசங்கம் இதில் இல்லை. இன்னொன்று, அவர் எழுத்தில், மொய்னா சித்ரகாரின் வங்காளப் படுவா ஓவியங்களோடு வந்த ‘சீதாஸ் ராமாயணா’. போரின் வலியையும் பேசும் புத்தகம் என்பதால் 11, 12 வயதுக்காரர்களுக்குக் கொடுக்கலாம்.

சரி, தமிழில் என்ன இருக்கு?

மேலே சொன்னதில் பெரும்பாலானவை ஆங்கிலப் புத்தகங்கள். கவனிக்க வேண்டிய விஷயமும் அதுதான். ஜாலியான கதைக்கு ஆங்கிலம், பரீட்சைக்கு மட்டும் தமிழ் என்று ஒரு குழந்தையின் மனதில் பதிந்துவிட்டால், பிறகு தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுக்க வைப்பது கஷ்டம்.

தமிழில் மறுகூறல்களுக்குக் குறைவில்லை. ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ இன்றைக்கும் நல்ல தொடக்கம். சின்னச் சின்ன அத்தியாயங்கள், நேரான நடை. அவருடைய ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. 1967-ல் தொடங்கிய ‘அமர் சித்திரக் கதை’ காமிக்ஸ்கள் தமிழிலும் வந்திருக்கின்றன. படிக்கச் சோம்பல்படும் எட்டு வயதுக்காரரைக்கூடப் படங்கள் இழுத்துவிடும். 1947-ல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இப்போது வெளிவருவதில்லை. ஆனால், வீட்டுப் பரணில் பழைய இதழ்கள் கிடந்தால், அது புதையல்.

தமிழுக்கே உரிய சாகசமும் உண்டு. ‘மணிமேகலை’யை எடுத்துக்கொள்ளுங்கள். தெய்வம் ஒன்று தூக்கிப்போய் விட்டுவிடும் மணிபல்லவத் தீவு, உருவம் மாறவும் வானில் பறக்கவும் உதவும் மந்திரம், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி, நடுவில் துணிச்சலான ஓர் இளம்பெண். ஒரு ஃபேன்டஸி நாவலுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால், இன்றைய குழந்தையை நாயகியாக்கி, இதை நீண்ட சாகச வரிசையாகச் சொல்லும் தமிழ்ப் புத்தகங்கள் குறைவு. அந்த இடைவெளி நிரம்பும் வரை, வீட்டில் யாராவது கதையாகச் சொல்ல வேண்டியதுதான்.

வாங்கும் முன் இரண்டு பக்கம் புரட்டுங்கள்

மகாபாரதப் புத்தகம் என்றால், கடையில் நின்றபடியே அரக்கு மாளிகைப் பகுதியைத் தேடுங்கள். ‘பாண்டவர்கள் தப்பினார்கள்’ என்று ஒரே வரியில் முடிகிறதா? விதுரரின் எச்சரிக்கை, சுரங்கம் தோண்ட வந்த ஆள், தீ வைத்த அந்த இரவு என்று விரிகிறதா? விரிந்தால், சாகசப் பிரியருக்கு அது செட் ஆகும்.

அடுத்து, ஏகலைவன் கதை. கட்டைவிரலைக் கேட்டதை வெறும் குருபக்தியாகச் சொல்லி முடிக்கிறதா, ‘இது நியாயமா?’ என்று கேட்கக் குழந்தைக்கு இடம் விடுகிறதா என்று பாருங்கள். பத்து வயதில் அந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதில் சொல்லப் பெரியவர்களும் தயாராக இருக்க வேண்டும்.

வயதையும் பாருங்கள். திரௌபதியின் துகில், அபிமன்யுவின் சாவு போன்றவற்றை எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் ஒரே மாதிரி சொல்ல முடியாது. பெரியவர்களுக்கான பதிப்பை, ‘சாமி கதைதானே’ என்று அப்படியே கொடுத்துவிட வேண்டாம்.

காசு செலவழிக்கும் முன்...

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-ல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப்பிரிவு இருக்கிறது. அங்கே நாலைந்து புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, குழந்தை எதைக் கீழே வைக்க மறுக்கிறதோ அதை வாங்கலாம். சின்னக் குழந்தைகள் என்றால், பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். எல்லாமே புராணக் கதைகள் அல்ல. ஆனால், தமிழில் படித்துப் பழக உதவும்.

வாங்கிய புத்தகத்தைக் குழந்தை தொடவில்லையா? ராத்திரி முதல் அத்தியாயத்தை நீங்களே சத்தமாகப் படியுங்கள். பகாசுரனுக்குக் கொண்டுபோன சாப்பாட்டை, அவன் கண்ணெதிரிலேயே பீமன் சாப்பிடத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, “மிச்சம் நாளைக்கு” என்று விளக்கை அணைத்துவிடுங்கள். புத்தகம் எங்கே இருக்கிறது என்று மறுநாள் குழந்தையே தேடும்.