‘கிரேட் ஏ’ பேட்டரி: எழுத்தை விடுங்கள், எண்ணைக் கேளுங்கள்

பகலில் வெயில் கொளுத்தும்போது வீட்டில் ஆளில்லை. இரவில் ஏர்கோன் ஓடும்போது கூரையில் வெயில் இல்லை. செமினியிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய் வரும் குடும்பங்களின் சோலார் சிக்கல் இதுதான். முன்பு என்இஎம் 3.0 திட்டம் இதைச் சமாளித்தது. பகலில் தெனாகா மின் நிறுவனத்துக்கு அனுப்பிய ஒரு யூனிட், இரவில் எடுத்த ஒரு யூனிட்டுக்கு ஈடாகும். அந்தத் திட்டம் 2025 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்தது. 2026 ஜனவரியில் வந்த சோலார் அத்தாப் திட்டத்தில், ஒரு மாதம் மிஞ்சிய கிரெடிட் அடுத்த மாதத்துக்குப் போகாது. 2025 ஜூலையில் மாறிய கட்டண முறையிலோ, நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வார நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்சாரம் விலை கூடுதல்.

பகல் மின்சாரத்தை வீட்டிலேயே பிடித்து வைத்தால் என்ன என்ற எண்ணம் இங்கே பிறக்கிறது. அந்த எண்ணத்தைத் தேடி விளம்பரங்களும் வருகின்றன. இணைய அங்காடியானாலும் வாட்ஸ்அப்பானாலும் மூன்று வாசகங்கள் தவறுவதில்லை: ‘கிரேட் ஏ செல்’, ‘6,000 சைக்கிள்’, ‘10 ஆண்டு வாரண்டி’. பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்து, குடும்பச் சேமிப்பைக் கரைத்து வாங்கும் பொருள் இது. மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ண வேண்டும்.

அந்த ‘ஏ’ யார் கொடுத்தது?

வீடுகளில் இப்போது பெரும்பாலும் பொருத்தப்படுவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, சுருக்கமாக எல்எஃப்பி. 1997இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் உலகுக்குச் சொன்ன வேதியியல் அது. அதற்கு முன்பே, 1980களில், குட்இனஃபோடு சேர்ந்து இதே வழியில் இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்தவர் தமிழ்நாட்டில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 2019இல் குட்இனஃப் நோபல் பரிசு பெற்றபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். விலை மலிவு, வெப்பத்தைத் தாங்கும் குணம், நீண்ட ஆயுள் என்று இந்த வேதியியலுக்குச் சிறப்புகள் பல. கோளாறெல்லாம் அது கைமாறி வரும் வழியில்தான்.

சீனாவின் ஈவ் நிறுவனம் தயாரிக்கும் எல்எஃப்280கே செல்லை எடுத்துக்கொள்வோம். 3.2 வோல்ட், 280 ஆம்பியர்-மணி, ஐந்து கிலோவுக்கு மேல் எடை. ஆலையில் முதல் சார்ஜ் ஏற்றி, சில நாட்கள் ஓய்வில் வைத்து, கொள்ளளவு, உள்தடை, சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்கும் வேகம், தடிமன் ஆகியவற்றை அளப்பார்கள். அளவுக்குள் அடங்கியவை மொத்தமாக வாங்கும் பெரிய நிறுவனங்களுக்குப் போகும். அடங்காதவை தரகர் கைக்குப் போகும். மின்பேருந்துகளிலிருந்து கழற்றிய பழைய செல்களும் புதிய நீல உறை போர்த்திக்கொண்டு அதே சந்தைக்கு வந்து சேரும்.

‘கிரேட் ஏ’ என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் கிடையாது. ஆலைக்கு ஆலை அளவுகோல் வேறு. கடைக்காரர் ஒட்டும் ‘ஏ’வுக்குப் பின்னால் அந்த அளவுகோல்கூட இல்லாமல் இருக்கலாம்.

தரம் என்றால் என்ன என்று செமினிக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரிஞ்சிங் தோட்டத்தின் பெயர் இன்று தமிழ்ப்பள்ளியின் பெயரில் வாழ்கிறது. அத்தகைய தோட்டங்களில் நம் முன்னோர் பால் மரம் சீவினார்கள். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தார்கள். 1965இல் மலேசியா எஸ்எம்ஆர் என்ற முறையைக் கொண்டு வந்தது. ஆய்வுக்கூடத்தில் அளந்து, ரப்பரில் எவ்வளவு அழுக்கு இருக்கலாம் என்ற வரம்பை வைத்து எஸ்எம்ஆர் 10, எஸ்எம்ஆர் 20 என்று எண் கொடுத்தார்கள். வாங்குபவர் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த எண் ஒரே பொருளைத்தான் தந்தது. பேட்டரி சந்தையில் இல்லாதது அந்த எண்தான்.

செல்லைக் கையில் எடுத்தால்

முதலில் முனைகளைப் பாருங்கள். மேலே உள்ள இரண்டு அலுமினிய முனைகளும் சமமாக, தடயமின்றி இருக்க வேண்டும். அரைத்த கோடுகளோ, பழைய பற்றவைப்பின் வட்டமோ, அதன் மேல் புதிதாக வைத்த திருகாணியோ தெரிந்தால், அந்தச் செல் ஏற்கெனவே ஒரு வண்டியில் ஓடியிருக்கக்கூடும். வயிறு உப்பியிருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

அடுத்து க்யூஆர் குறி. சீனத் தேசிய விதிப்படி அதில் 24 எழுத்தும் எண்ணும் இருக்கும். முதல் மூன்று தயாரிப்பாளரைக் குறிக்கும். ‘04கியூ’ என்றால் ஈவ். 15 முதல் 17 வரையிலான மூன்றும் தயாரித்த ஆண்டு, மாதம், நாள். ‘டி’ 2023, ‘இ’ 2024. பெட்டியில் உள்ள செல்களின் தேதிகள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியிருந்தால் அவை பல இடங்களிலிருந்து பொறுக்கியவை. ஆனாலும் குறியை மட்டும் நம்பிவிடக் கூடாது. பழைய குறியைச் சுரண்டிவிட்டு லேசரில் புதியதைப் பொறிப்பதும் நடக்கிறது.

விற்பவர் மல்டிமீட்டரை வைத்து, “பாருங்க அண்ணே, 3.3 வோல்ட் காட்டுது” என்பார். எல்எஃப்பி செல்லின் வோல்ட் கோடு தட்டையானது. கால்வாசி சார்ஜிலும் முக்கால்வாசி சார்ஜிலும் வோல்ட் அதிகம் மாறாது. அதனால் அந்த 3.3, கொள்ளளவைப் பற்றி எதுவுமே சொல்லாது. உள்தடையோ ஒரு மில்லி ஓமில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். சாதாரண மீட்டருக்கு அது எட்டாது. நான்கு கம்பி மீட்டர் வேண்டும்.

உண்மையைச் சொல்வது கொள்ளளவுச் சோதனை ஒன்றுதான். 3.65 வோல்ட் வரை முழுதாக ஏற்றி, 140 ஆம்பியரில் 2.5 வோல்ட் வரை இறக்கினால், 280 ஆம்பியர்-மணி செல் இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும். ஒன்றே முக்கால் மணியில் படுத்துவிட்டால் அது 245தான். வீட்டு பேட்டரியில் இப்படி 16 செல்கள் வரிசையாக நிற்கும்; மொத்தம் 14.3 யூனிட். பதினைந்து செல் நன்றாக இருந்து ஒன்று மட்டும் 245 ஆனாலும், அது காலியானதும் முழு பேட்டரியும் நின்றுவிடும். கையில் கிடைப்பது ஏறக்குறைய 12.5 யூனிட். இந்த நட்டம் ஒவ்வோர் இரவும் தொடரும். அதனால் சோதனை அறிக்கையில் சராசரியைப் பார்க்காதீர்கள். செல் ஒவ்வொன்றின் எண்ணையும் கேளுங்கள். எத்தனை ஆம்பியரில், எந்த வெப்பத்தில் சோதித்தது என்றும் கேளுங்கள். சொற்ப ஆம்பியரில் இறக்கினால் நலிந்த செல்லும் நல்ல கணக்குக் காட்டும்.

இரண்டாம் தரச் செல்லை வாங்குவதே தவறு என்று சொல்ல வரவில்லை. தோட்ட விளக்குக்கோ சிறு தண்ணீர்ப் பம்புக்கோ அது போதும். ‘இரண்டாம் தரம்’ என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்பவர் நேர்மையான வியாபாரி. முதல் தர விலையை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பது ஏமாற்று.

6,000 சைக்கிள் எங்கே?

ஒரு முறை சார்ஜ் ஏற்றி இறக்குவது ஒரு சைக்கிள். நாளுக்கு ஒன்று என்றால் 6,000 சைக்கிள் பதினாறு ஆண்டுக்கு வரும். ஆனால் அது ஆய்வுக்கூடக் கணக்கு: 25 பாகை வெப்பம், மிதமான வேகம், செல்லைப் பலகைகளுக்கிடையே குறிப்பிட்ட விசையில் அழுத்தி வைத்த நிலை. அந்தக் கணக்கு முடியும்போது, கொள்ளளவு 80 விழுக்காட்டுக்கோ 70க்கோ இறங்கியிருக்கும். செமினியில் பிற்பகல் வெப்பம் 32, 33 பாகையைத் தொடும். கார் போர்ச்சின் தகரக் கூரைக்கடியில் இன்னும் கூடும். வெப்பம் ஏற ஏற லித்தியம் செல் விரைவாக முதுமையடையும். விற்பவரின் எண் பொய்யாக இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம். நிழலும் காற்றோட்டமும் உள்ள சுவரில் பொருத்துவது, செலவில்லாமல் ஆயுளைக் கூட்டும் வழி.

சான்றிதழ்களிலும் கவனம் வேண்டும். யுஎன் 38.3 என்பது பேட்டரியைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிச் செல்வதற்கான சோதனை. நிலையாக வைத்து இயக்கும் லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புக்குக் கேட்க வேண்டியது ஐஇசி 62619. முன்னதைக் காட்டிப் பின்னது போலப் பேசுபவரிடம் வாங்க வேண்டாம்.

வாரண்டி யாருடையது?

2020 டிசம்பரில் அமெரிக்காவிலும் 2021இல் ஆஸ்திரேலியாவிலும் எல்ஜி நிறுவனத்தின் வீட்டு பேட்டரிகள் சில, தீ அபாயம் கருதித் திரும்பப் பெறப்பட்டன. பெரிய நிறுவனமும் தவறும் என்பது ஒரு பாடம். அதைவிடப் பெரிய பாடம், பெயரும் வரிசை எண்ணும் இருந்ததால்தான் அந்த வீடுகளைத் தேடிப் போக முடிந்தது என்பது. பெயரில்லாப் பெட்டியை யாரும் திரும்பக் கேட்டு வர மாட்டார்கள்.

ஆகவே வாரண்டி தருவது மலேசியாவில் பதிவு பெற்ற நிறுவனமா என்று எஸ்எஸ்எம் எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். பத்தாம் ஆண்டில் எத்தனை விழுக்காடு கொள்ளளவுக்கு உத்தரவாதம் என்பது எழுத்தில் இருக்கட்டும். பில்லில் ‘லித்தியம் பேட்டரி’ என்று மொட்டையாக எழுதினால் ஏற்காதீர்கள். தயாரிப்பாளர், மாடல், தயாரித்த மாதம், ஆம்பியர்-மணி, ‘புதியது’ என்ற சொல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘கிரேட் ஏ’ என்று வாயால் சொன்னவர் அதையும் எழுதிக் கொடுக்கட்டும்.

எழுதி வாங்கிய சொல்லுக்குச் சட்டத்தில் வலு உண்டு. பொய்யான பொருள் விவரம் தருவது 2011ஆம் ஆண்டின் வணிக விவரச் சட்டப்படி குற்றம். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பில், சோதனை அறிக்கை, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

வாங்குபவர் தலையில் மட்டும் இந்தச் சுமையை வைத்துவிட முடியாது. ரப்பருக்கு எண் கொடுத்த நாடு வீட்டு பேட்டரிக்கும் கொடுக்க வேண்டும். அளந்த கொள்ளளவு, தயாரித்த மாதம், புதியதா பழையதா என்ற மூன்று விவரமும் ஒட்டப்படாத செல் விற்பனைக்கே வரக் கூடாது என்று உள்நாட்டு வாணிப அமைச்சு விதி வகுக்க வேண்டும். சோலார் வாங்கச் சொல்லி மக்களை அழைக்கும் அரசு, அவர்கள் நம்பி வாங்குவதற்கான அளவுகோலையும் சேர்த்தே தர வேண்டும்.