ஸ்பெயினில் இரண்டு அம்மா... பல்கேரியாவில் ஒரே ஒரு கட்டம்! ஒரு குழந்தையின் பாஸ்போர்ட் போராட்டம்

2019 டிசம்பரில் ஸ்பெயினில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு இரண்டு அம்மாக்கள். ஒருவர் பல்கேரியாவைச் சேர்ந்தவர், இன்னொருவர் ஜிப்ரால்டரில் பிறந்த பிரிட்டிஷ் குடிமகள். 2015 முதல் ஸ்பெயினில் வசித்துவந்த இருவரும் 2018-ல் ஜிப்ரால்டரில் சட்டப்படி திருமணம் செய்துகொண்டவர்கள்.

ஸ்பெயினில் தன்பாலினத் திருமணம் 2005-லேயே சட்டமாகிவிட்டது. அதனால் அங்கே எந்தப் பிரச்னையும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் இருவரையும் அம்மா என்றே பதிந்து கொடுத்துவிட்டார்கள்.

சரி, குழந்தைக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட் எடுப்பது? சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது.

ஸ்பெயின் மண்ணில் பிறந்துவிட்டால் மட்டும் அந்த நாட்டுக் குடியுரிமை தானாக வந்துவிடாது. பெற்றோரில் யாரும் ஸ்பெயின்காரர் இல்லை. பிரிட்டிஷ் அம்மா வழியாகவும் கிடைக்கவில்லை. அவர் ஜிப்ரால்டரில் பிறந்தவர் என்பதால், வெளிநாட்டில் பிறந்த மகளுக்குத் தன் குடியுரிமையைக் கொடுக்க 1981-ம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தில் வழி இல்லை. மிச்சம் இருந்தது பல்கேரியா மட்டும்தான்.

2020 ஜனவரியில் பல்கேரிய அம்மா, தலைநகர் சோஃபியாவின் பான்ச்சரேவோ வட்டார அலுவலகத்தில் மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தார். பாஸ்போர்ட் எடுக்க அது வேண்டும். ஆனால், அந்த ஊர்ப் படிவத்தில் அம்மாவுக்கு ஒரு கட்டம், அப்பாவுக்கு ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு பெயருக்குத்தான் இடம். 'பெற்ற தாய் யார்? ஏழு நாளில் ஆதாரம் கொடுங்கள்' என்றது அலுவலகம். அப்படிச் சொல்ல எந்தச் சட்டமும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்றார் அம்மா. மார்ச் மாதம் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

'யார் பெற்றது என்று சொல்லிவிட்டுப் போகலாமே' என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பல்கேரிய அம்மா பெற்றார் என்றால், இன்னொரு அம்மா அந்த நாட்டுக் காகிதத்திலிருந்தே காணாமல் போய்விடுவார். பிரிட்டிஷ் அம்மா பெற்றார் என்றால், பல்கேரியக் குடியுரிமையே கையை விட்டுப் போய்விடும். எந்தப் பதில் சொன்னாலும் குழந்தைக்கு ஏதோ ஒன்று குறையும்.

வழக்கு லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போனது. 2021 டிசம்பர் 14 அன்று தீர்ப்பு. பல்கேரியா தன் பிறப்புச் சான்றிதழைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால், அந்தச் சான்றிதழுக்காகக் காத்திருக்காமல் குழந்தைக்குப் பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ தந்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். இரண்டு அம்மாக்களில் யார் கையைப் பிடித்துக்கொண்டும் அந்தக் குழந்தை ஐரோப்பிய எல்லைகளைக் கடக்கலாம் என்பது அதன் பொருள். பல்கேரிய அரசியலமைப்பு, ஆணும் பெண்ணும் சேர்வதையே திருமணம் என்கிறது. அதை மாற்றச் சொல்லவில்லை. 'உங்கள் ஊர்க் குடும்பச் சட்டம் உங்களோடு இருக்கட்டும், குழந்தையின் பயணத்தைத் தடுக்காதீர்கள்' என்கிற சமரசம் இது.

ஐரோப்பா முழுக்கக் கொண்டாடினார்கள். ஆனால், அந்தத் தீர்ப்பில் ஓர் 'என்றால்' இருந்தது. குழந்தை பல்கேரியக் குடிமகள் என்றால்தானே பாஸ்போர்ட்? 2022-ல் சோஃபியா நிர்வாக நீதிமன்றம் சான்றிதழ் தரச் சொல்லி உத்தரவிட்டது. வட்டார அலுவலகம் மேல்முறையீடு செய்தது. 2023 மார்ச்சில் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், பல்கேரியரைப் பெற்ற தாய் என்று நிரூபிக்கவில்லை, எனவே குழந்தை பல்கேரியக் குடிமகளே அல்ல என்று சொல்லிவிட்டது. மூன்று வருடம் அலைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது வழக்கு. எல்லோரும் அம்மாக்களைப் பற்றியே வாதாடினார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் நின்றது என்னவோ குழந்தைதான்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் 16 நாடுகள் தன்பாலினத் திருமணத்தை அனுமதிக்கின்றன. மற்றவற்றில் சில நாடுகள் துணைவர்களாகப் பதிவு செய்துகொள்ள மட்டும் அனுமதிக்கின்றன. சிலவற்றில் அதுவும் கிடையாது. ஒரு ரயிலில் ஏறி இறங்குவதற்குள் பெற்றோர், சட்டத்தின் கண்ணில் 'யாரோ ஒருவர்' ஆகிவிடலாம். பள்ளிச் சேர்க்கை, ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்து, சொத்துரிமை என்று எல்லாமே இதில் மாட்டிக்கொள்கிறது. இந்த மாதிரிச் சிக்கலில் மாட்டக்கூடிய குழந்தைகள் சுமார் 20 லட்சம் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கு. இதில் வேறுவகைக் குடும்பத்துக் குழந்தைகளும் அடக்கம்.

நம்மூரிலும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. வெளிநாட்டில் நடக்கும் தன்பாலினத் திருமணத்தை 1969-ம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தின்கீழ் ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையும் சேர்ந்தே உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது.

ஐரோப்பாவில் தம்பதிகளின் நிலை கொஞ்சம் கொஞ்சமாக மாறிவருகிறது. பெல்ஜியத்தில் மணந்த ருமேனியர் - அமெரிக்கர் தம்பதிக்காக 2018-ல் வந்த தீர்ப்பு, வசிக்கும் உரிமையைத் தந்தது. 2025 நவம்பர் 25 அன்று, பெர்லினில் மணந்த போலந்து ஆண்கள் இருவரின் திருமணத்தை போலந்து அங்கீகரித்தே தீர வேண்டும் என்று அதே லக்சம்பர்க் நீதிமன்றம் சொன்னது.

ஆனால், இவை திருமணத்துக்கான தீர்ப்புகள். பெற்றோர் யார் என்பதற்குத் தனிச் சட்டம் வேண்டும். ஒரு நாட்டில் பெற்றோர் என்றால் எல்லா நாட்டிலும் பெற்றோர்தான் என்று 2020-லேயே சொன்னார் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன். 2022 டிசம்பரில் அதற்கான வரைவை ஆணையம் வைத்தது. எல்லா நாடுகளிலும் செல்லக்கூடிய ஒரு 'பெற்றோர் சான்றிதழ்' அதில் இருக்கிறது. 2023 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஆதரவு தெரிவித்தது. ஆனால், குடும்பச் சட்டம் என்பதால் நாடாளுமன்றத்தின் ஆதரவு மட்டும் போதாது. உறுப்பு நாடுகளின் அரசுகள் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒரு நாடு தலையை ஆட்ட மறுத்தாலும் வரைவு அப்படியே நின்றுவிடும். ஓட்டு போட வேண்டியவர்களில் பல்கேரியாவும் ஒன்று.