சல்லடைக் கண்

உடுமலைப் பக்கம் கம்பஞ்சோறு ஆக்கும் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். இடித்த கம்பைச் சல்லடையில் போட்டு ஆட்டினால் மாவு கீழே இறங்கும், நொய் மேலே நிற்கும். சல்லடைக் கண் பெரிதென்றால் பொடிநொய்யெல்லாம் மாவோடு போய்விடும். கண் சிறுத்தால் நொய்க் குவியல் பெருக்கும். கம்பு என்னவோ அதே ஒரு வள்ளம்தான்.

ஆட்டிசக் கணக்கு ஏறுவதில் பெரும்பங்கு, எதை ஆட்டிசம் என்பது என்ற இப்படியொரு சல்லடைக்குத்தான். 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் என்று விவரித்தது 11 குழந்தைகளை. நெடுங்காலம் யாரோடும் ஒட்டாத, பேச்சே சரியாக வராத பிள்ளைக்குத்தான் அந்தப் பெயர். 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஆஸ்பெர்கர் குறைபாட்டையும் சேர்த்தது. வாய் ஓயாமல் பேசும், ஆனால் பழகத் தெரியாத பிள்ளையும் சல்லடையில் நின்றது. 2013-இல் எல்லாமே ஒரே குடைக்குள் வந்தன. அமெரிக்காவில் 8 வயதுப் பிள்ளைகளில் 2000-இல் 150-க்கு ஒருவர், 2022-இல் 31-க்கு ஒருவர்.

நம் ஊரில் அஞ்சறைப்பெட்டிச் சிக்கலும் உண்டு. சோம்பைச் சீரகக் கிண்ணத்தில் கொட்டி வைத்தால் வீட்டில் சோம்பே இல்லை என்றுதான் தோன்றும். 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் இருந்தவை 7 கிண்ணங்கள். ஆட்டிசத்துக்குத் தனியாக ஒன்று இல்லை. பல பிள்ளைகள் 'மனவளர்ச்சி குன்றியவர்' கிண்ணத்தில் விழுந்தார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைச் சொன்னது, ஆட்டிசம் தனியாக வந்தது.

கம்பிலேயே நொய் கொஞ்சம் கூடியிருக்கலாம். பெற்றோர் வயது ஏறியதும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பிழைப்பதும் காரணங்களில் சேரும். தடுப்பூசி சேராது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்று கிளப்பிவிட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றது.

பிள்ளையை நொய் என்பது எனக்கே நெருடுகிறது. ஆனால் கம்பஞ்சோற்றில் நொய் கழிவல்ல. கொதிக்கிற உலையில் முதலில் போடுவதே அதைத்தான்; பாதி வெந்த பிறகுதான் மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். எதற்குக் கூடுதல் வேக்காடு வேண்டும் என்று தெரியத்தான் சலிப்பதே.

ஒன்றரை வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லையா? "அவங்கப்பனும் நாலு வயசுலதானுங்க பேசுனான்" என்று அப்பத்தா சொல்வதைக் கேட்டுக் காத்திருக்காதீர்கள். அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று விசாரியுங்கள்.