ஒரு சேர்வர், பல பதிப்புகள்

“சேர்வருக்குப் புது ஃபேர்ம்வெயார் வந்திருக்கு மாமா, ஏத்துறதா விடுறதா?” பதுளையில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மருமகன், பசறைக்கு வந்தபோது பிளேன்டீயோடு கேட்டது இது. அதே வேலையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சேர்வர் ஒரு பெட்டிதான், ஆனால் அதற்குள் ஃபேர்ம்வெயார் பல. தாய்ப்பலகையில் பயோஸ். தூரத்திலிருந்தே பெட்டியைக் கவனிக்க உதவும் சிப், அதை டெல்லில் ஐடிராக் என்பார்கள், எச்.பி.இ.யில் ஐலோ. பிறகு ரெய்ட் கொன்ட்ரோலர், நெட்வேர்க் கார்ட், ஒவ்வொரு டிஸ்க். எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பதிப்பு எண் உண்டு. இவற்றுக்கு மேலே இயங்குதளத்தின் ட்ரைவர்கள். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மட்டத்தை மாற்றிவிட்டு ரோலர் அறைக்குச் சொல்லாமல் இருப்பார்களா? இங்கேயும் ஒன்றை மாற்றினால் அதோடு சேர்ந்து ஓடும் மற்றதைப் பார்த்தே ஆக வேண்டும்.

எது எதோடு சேரும் என்று நாம் ஊகிக்கத் தேவையில்லை. விஎம்வெயாரின் பொருத்தப் பட்டியலில், இன்ன நெட்வேர்க் கார்டுக்கு இன்ன ட்ரைவர், அதற்கு இன்ன ஃபேர்ம்வெயார் என்று சோடி சோடியாகப் போட்டிருக்கிறார்கள். எச்.பி.இ., டெல் போன்றவை சேர்த்துச் சோதித்த பதிப்புகளை ஒரே பொதியாகவும் தருகின்றன. சின்ன அலுவலகங்களுக்கு நான் சொல்வது அந்தப் பொதியைத்தான்.

பட்டியலைத் திறக்குமுன் நம்மிடம் இருப்பது என்னவென்று தெரிய வேண்டும். லினக்ஸில் ‘எத்டூல்’ கட்டளையை ‘-ஐ’ தெரிவோடு கொடுத்தால் ட்ரைவரின் பெயர், அதன் பதிப்பு, ஃபேர்ம்வெயார் பதிப்பு மூன்றும் வரிவரியாக வரும். கார்டின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே சிப்பை வைத்துப் பல கம்பனிகள் கார்ட் செய்கின்றன. பெயர் ஒன்றுபோலிருந்தும் ஃபேர்ம்வெயார் வேறாக இருக்கும். தயாரிப்பாளருக்கு இரண்டு, சாதனத்துக்கு இரண்டு என்று நான்கு அடையாள எண்கள் உண்டு. அந்த நான்கும் பட்டியலோடு ஒத்தால்தான் அது உங்கள் கார்ட்.

இவ்வளவு சிக்கலென்றால் தொடாமலே விட்டுவிடலாமே என்று மருமகன் கேட்டான். கூடாது. 2019 நவம்பரில் எச்.பி.இ. ஓர் எச்சரிக்கை விட்டது: அதன் சிலவகை எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள் 32,768 மணித்தியாலம் ஓடியதும் செத்துவிடும். கணக்குப் போட்டால் 3 வருடம், 270 நாள், 8 மணித்தியாலம். டிஸ்க்கில் பழுதில்லை, பிழை ஃபேர்ம்வெயாரில். ஒரே நாளில் பூட்டிய டிஸ்க்குகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போகும். ரெய்ட் போட்டிருந்தும் பயனில்லை, டேட்டாவும் திரும்பி வராது. தப்ப ஒரே வழி எச்.பி.டி.8 என்ற பதிப்பை முன்கூட்டியே ஏற்றுவது. 2020 மார்ச்சில் வேறு சில டிஸ்க்குகளுக்கு 40,000 மணித்தியாலம் என்று இன்னோர் எச்சரிக்கை வந்தது.

நம் நாட்டில் நடந்ததையும் மறக்கக்கூடாது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரச கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் தொலைந்தன. பாதிக்கப்பட்ட முகவரிகள் ஏறக்குறைய 5,000. அங்கே ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. மைக்ரோசொஃப்ட் அதற்கான ஆதரவை அந்த ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. தொலைந்த காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பிரதியும் இல்லை. அது ஃபேர்ம்வெயார் இல்லைதான். ஆனால் பழைய பதிப்பிலேயே காலம் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி வேண்டாம்.

ஏற்றும்போது இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெளியீட்டுக் குறிப்பை முழுதாக வாசியுங்கள்: சில பதிப்புகளுக்கு நேரே தாவ முடியாது, நடுவில் ஒன்றை ஏற்ற வேண்டியிருக்கும், சிலவற்றிலிருந்து திரும்பவே முடியாது. அடுத்தது கரண்ட். பாதியில் போனால் கார்டோ தாய்ப்பலகையோ எழும்பாமலே போகலாம். மழைக்கு லைன் விழுகிற நம் மலைப்பக்கத்தில், யூபிஎஸ் பற்றரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்க்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

இந்தக் கிழமையே ஒரு கொப்பியில் உங்கள் சேர்வரின் ஒவ்வொரு பாகத்தையும் அதன் பதிப்பு எண்ணையும் திகதியோடு எழுதிவையுங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவருக்கும் அது வேண்டும்.