‘கிரேதோ’: இதயத்தை ஒப்படைக்கும் ஒரு சொல்

ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும் நாம் எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்லுகிறோம். பழக்கத்தின் மிகுதியால் நா முன்னே ஓட, நெஞ்சம் பின்தங்கி விடுவதும் உண்டு. இவ்வறிக்கையின் இலத்தீன் வடிவம் ‘கிரேதோ’ என்னும் வினைச்சொல்லோடு தொடங்குகிறது. அதனால் அச்சொல்லே அறிக்கைக்குப் பெயராகவும் அமைந்துவிட்டது. அதன் வடிவத்தையும் பொருளையும் பிறப்பையும் சற்று ஆராய்வோம்.

‘கிரேதோ’ என்றால் ‘நம்புகிறேன்’. தமிழில் ‘ஏன்’ என்னும் விகுதி ‘நான்’ என்பதைத் தன்னுள் அடக்கி நிற்பது போல, இலத்தீனில் இறுதி ‘ஓ’ அதனைச் செய்கிறது. ‘கிரேதிஸ்’ என்றால் நம்புகிறாய். ‘கிரேதிமுஸ்’ என்றால் நம்புகிறோம். ‘கிரேதுந்த்’ என்றால் நம்புகிறார்கள். ‘நம்புதல்’ என்பதற்குக் ‘கிரேதெரே’ என்றும், ‘நம்பினேன்’ என்பதற்குக் ‘கிரேதிதி’ என்றும் வரும்.

கிறிஸ்தவம் தோன்றுமுன்பே உரோமையர் இச்சொல்லை அன்றாடம் வழங்கினர். ஒருவர் சொல்லை மெய்யென ஏற்பது ஒரு பொருள்; ஒருவரை நம்பித் தன் உடைமையை ஒப்படைப்பது மற்றொரு பொருள். நம்பிக் கொடுத்த கடனைக் ‘கிரேதித்தும்’ என்றனர். இன்று நாம் வங்கியில் கேட்கும் ‘கிரெடிட்’ என்னும் சொல் இவ்வழியில் வந்ததே. ஆகவே நம்புதல் என்பது கருத்தளவில் தலையசைப்பதோடு நிற்பதன்று. கையில் உள்ளதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் ஆகும்.

இதன் பிறப்போ இன்னும் வியப்புக்குரியது. வடமொழியின் ‘சிரத்தா’ என்னும் சொல்லும் இதுவும் உடன்பிறப்புகள் என்பது மொழிநூலார் கண்ட உண்மை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. இரண்டும் மிகப் பழைய ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. பிற்பகுதிக்கு ‘வைத்தல்’ என்பது பொருள். முற்பகுதி ‘இதயம்’ என்பதைக் குறிக்கும் என்பர் அறிஞர் பலர், ஐயுறுவாரும் உளர். பலர் கொள்கைப்படி, ‘இதயத்தை ஒன்றின்மேல் வைத்தல்’ என்பதே இச்சொல்லின் ஆதிப் பொருள். அந்தச் ‘சிரத்தா’ தமிழில் ‘சிரத்தை’யாக வழங்குகிறது. ‘சிரத்தையோடு செய்’ என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, மனத்தை வைத்துச் செய் என்றுதானே பொருள்படுகிறது!

திருச்சபை இச்சொல்லுக்கு மற்றோர் ஆழத்தையும் தந்தது. ‘இன்’ என்னும் இலத்தீன் இடைச்சொல்லோடு இரண்டாம் வேற்றுமை சேர்ந்தால், அது ஓரிடத்தில் இருப்பதையன்று, ஒன்றை நோக்கிச் செல்வதையே காட்டும். நம் அறிக்கையில் கடவுளைக் குறிக்குமிடத்து அவ்வமைப்பே உள்ளது. கடவுள் சொல்வதை நம்புவது வேறு, கடவுளை நோக்கி நம்புவது வேறு என்று புனித அகுஸ்தீனார் பிரித்துக் காட்டினார். பேய்களும் முன்னதைச் செய்யக்கூடும். பின்னதோ, நம்பி அன்பு செய்து அவரிடம் செல்லுதல், அவருடைய மறையுடலில் உறுப்பாக இணைதல் என்று அவர் விளக்கினார்.

இனி, ‘நான்’ என்பதைக் கவனிப்போம். கி.பி. 325-இல் நீசேயா சங்கத்தில் கூடிய ஆயர்கள் கிரேக்க மொழியில் ‘நம்புகிறோம்’ என்றே அறிக்கையிட்டனர். அது ஒரு சபையின் கூட்டுக்குரல். திருமுழுக்கிலோ விடை ஒருமையில் அமைந்தது. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராயிருந்த புனித அம்புரோசியார் அச்சடங்கை விவரித்துள்ளார். ‘நம்புகிறாயா?’ என்று மும்முறை வினவுவர்; திருமுழுக்குப் பெறுபவர் ஒவ்வொரு முறையும் ‘கிரேதோ’ என்று விடைகூறி நீரில் மூழ்குவார். இலத்தீன் திருப்பலியிலும் அவ்வொருமையே நிலைத்தது. ஆங்கிலத் திருப்பலியில் 1970-களில் ‘நம்புகிறோம்’ என மொழிபெயர்க்கப்பட்டது, 2011-இல் மீண்டும் ‘நம்புகிறேன்’ என மாற்றப்பட்டது.

குழந்தைத் திருமுழுக்கின் பழைய முறையில், ஞானப்பெற்றோர் குழந்தையின் பெயரால் ‘கிரேதோ’ என்றனர். 1969-இல் வெளிவந்த புதிய முறையிலோ பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தங்கள் சொந்த விசுவாசத்தையே அறிக்கையிடுகின்றனர். குழந்தை வளரப்போவது அந்த விசுவாசத்தில் அன்றோ! வீட்டில் செபம் ஓய்ந்து, அயலாருக்குக் கொடுத்த வாக்குத் தவறி, பணத்தின்மேலேயே இதயத்தை வைத்து நாம் வாழ்ந்தால், பிள்ளை எந்தச் சொல்லை நம்மிடம் கற்கும்?

இலத்தீன் அறியாதவர்க்கும் இச்சொல் அயலானதன்று. நம் முன்னோர் ‘விசுவசிக்கிறேன்’ என்றனர். நாம் ‘நம்புகிறேன்’ என்கிறோம். வரும் ஞாயிறன்று அதைச் சொல்லத் தொடங்குமுன் ஒரு கணம் நின்று, நம் இதயத்தை எங்கே வைத்திருக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.