வண்டலூர் முதல் வடநெம்மேலி வரை

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும் குழந்தைகுட்டிகளோடு மிருகக்காட்சிசாலைக்குப் புறப்படுவது சென்னைவாசிகளுக்கும் செங்கற்பட்டுச் சீமைக்காரர்களுக்கும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். காணும் பொங்கலன்று புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்ப சமேதராக வண்டலூரில் வந்து இறங்கும் ஜனத்திரளைக் கண்டவர்களுக்கு, அந்த வழக்கம் இன்னும் கொஞ்சமும் தளரவில்லை என்பது நன்றாக விளங்கும். ஆயினும் அந்தப் பூங்காவின் பூர்வ சரித்திரம் அங்கே நடப்பவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

எழும்பூர் அரசாங்க மியூசியத்தின் முதல் பொறுப்பாளராக விளங்கிய எட்வர்ட் கிரீன் பால்ஃபர் என்ற வைத்தியர், பாடம் பண்ணிய உடல்களைக் காட்டிலும் உயிருள்ள மிருகங்களைப் பார்க்கவே ஜனங்கள் ஆவலோடு வருகிறார்கள் என்பதை அனுபவத்தில் கண்டு, கர்நாடக நவாப் வளர்த்துவந்த மிருகங்களை அவரிடம் கேட்டு வாங்கி, 1855-ஆம் ஆண்டில் மியூசிய வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சிசாலையை ஏற்படுத்தினார். மறு வருஷத்திற்குள் அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட பிராணிகள் சேர்ந்துவிட்டன. 1860-களின் தொடக்கத்தில் அது நகரசபையின் வசமாகி, பிற்பாடு சென்ட்ரல் ஸ்டேஷன் எழுந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்த பீப்பிள்ஸ் பார்க்கில் குடியேறியது. மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் இதை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்லிக்கொண்டு, வெளியூர்களிலிருந்து ரயிலேறிப் பட்டணம் பார்க்க வந்தவர்கள் இரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்பியதில்லை.

நகரம் பெருகப் பெருக, அந்தக் குறுகிய இடமும் இரும்புக் கம்பிக் கூண்டுகளும் ஜீவராசிகளுக்குச் சிறைவாசமாகவே ஆகிவிட்டன. 1979-இல் வண்டலூர் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கப்பட்டு, 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்ததே இன்றைய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. சர்க்கஸ் கூடாரங்களிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மீட்கப்பட்ட விலங்குகளுக்குப் புகலிடம் அமைப்பதற்காகப் பின்னர் மேலும் நிலம் சேர்க்கப்பட்டு, அதன் விஸ்தீரணம் இப்போது 602 ஹெக்டேராக இருக்கிறது.

இங்கே கூண்டு என்று சொல்லத்தக்கது குறைவு. புலிக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரு ஆழமான அகழி. கைப்பிடிச் சுவரோரம் நாம் நிற்க, அப்பால் மரமும் புதரும் மண்டிய நிலத்தில் அது தன் இஷ்டம்போல் உலாவலாம். இஷ்டமில்லாவிட்டால் நம் கண்ணில் படாமலே மரநிழலில் படுத்தும் கிடக்கலாம். “டிக்கெட் வாங்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தும் புலியைக் காணோமே!” என்று அங்கலாய்க்கும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டாகிறது. மறைந்திருக்க இடம் கொடுத்ததுதான் இந்தப் பூங்கா அந்த மிருகத்துக்குச் செய்த மரியாதை. கைதட்டியும் கூச்சலிட்டும் அதை எழுப்ப முயல்வது, வந்த வீட்டில் உறங்குகிறவரை உலுக்கி எழுப்புவதற்கு ஒப்பாகும். “தாத்தா, அந்த வால் மட்டும் ஆடுது பாருங்க!” என்று என் பேத்தி ஒருமுறை புதருக்குள் கண்டுபிடித்துச் சொன்ன மாத்திரத்தில், முழுப் புலியையும் பார்த்தவர்களைவிட அவளே அதிகம் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது.

இப்படிப் பொறுமையாக நின்று மிருகங்களைப் பார்க்கும் பழக்கம் இந்தச் சீமைக்குப் புதியதல்ல. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறையின் அடிப்பகுதியில், பின்னங்காலைத் தூக்கிக் குளம்பினால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்று இருக்கிறது. வேறோரிடத்தில், தாய்க்குரங்குக்கு ஆண்குரங்கு பேன் பார்க்க, குட்டி மடியில் பால் குடிக்கும் தனிக்கல் சிற்பம் ஒன்றும் இருக்கிறது. மான் மூக்கைச் சொறிவது ஒரு நொடியில் முடிந்துவிடும் காரியம். அதைக் கல்லில் செதுக்கியவன் எத்தனை நாழிகை மான்கூட்டத்தின் பக்கத்தில் அசையாமல் நின்றிருக்க வேண்டும்!

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையில் கிழக்கே சென்று கோவளம் வழியாகத் தெற்கே திரும்பினால், கடலோரத்தில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வந்துவிடும். தோலுக்காக வேட்டையாடப்பட்டு நம் நாட்டு முதலைகள் அருகிவந்த காலத்தில், ஊர்வன ஆராய்ச்சியாளரான ராமுலஸ் விட்டேக்கரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1976-இல் இதை ஸ்தாபித்தார்கள். முதலைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் மண்ணின் உஷ்ணமே நிர்ணயிக்கிறது என்ற விந்தையை, நம் ஏரிகளில் வாழும் முதலை இனத்தைக் கொண்டு இங்கே ஆராய்ந்திருக்கிறார்கள்: ஏறத்தாழ 32.5 டிகிரியில் ஆண், அதற்குக் குறைந்தால் பெண்.

அங்கே குழந்தைகளுக்கு அவசியம் காட்டவேண்டியது, இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பு விஷம் எடுக்கும் இடம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்து, பாம்பு பிடிக்கும் பரம்பரைத் தொழிலை இழந்து நின்ற இருளர்களுக்காக 1978-இல் தொடங்கப்பட்ட சங்கம் இது. துணியால் வாய் கட்டிய மண்பானையிலிருந்து ஒருவர் கொக்கியால் பாம்பை வெளியே எடுத்து, தலையின் பின்புறம் பக்குவமாகப் பிடித்து, தோல்போன்ற மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியின் விளிம்பில் வைக்கிறார். பல் சவ்வைத் துளைக்கிறது. இளமஞ்சள் துளிகள் கண்ணாடியில் வழிந்து இறங்குகின்றன. அவர் கையில் அவசரமும் இல்லை, அலட்சியமும் இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷமும் இப்படிச் சேகரிக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, மருந்து தயாரிப்பவர்களிடம் போய், குதிரைகளுக்குச் சிறுகச்சிறுகச் செலுத்தப்பட்டு, அவற்றின் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்தாகிறது. கழனியில் இருட்டில் பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படும் உழவருக்கு ஏற்றப்படும் மருந்து இதுவே. விஷம் கொடுத்த பாம்புகளோ, சில வாரங்களுக்குப் பின் அடையாளமிடப்பட்டு மறுபடியும் காட்டில் விடப்படுகின்றன.

இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்க்க விரும்புவோர் காலை வேளையை வண்டலூருக்கு ஒதுக்குவது நல்லது. உச்சி வெயிலில் மிருகங்கள் ஒதுங்கிவிடும், குழந்தைகளும் களைத்துவிடுவார்கள். பூங்காவினுள்ளே ஓட்டேரி ஏரிக்கரையில் உட்கார்ந்து நீர்ப்பறவைகளைப் பார்க்கலாம். மாரிக்காலத்திற்குப் பின் அவை மிகுதியாக வரும். நடக்கமாட்டாத முதியவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு. செவ்வாய்க்கிழமை மட்டும் வண்டலூரில் வாரவிடுமுறை.