வராத அளவும் பூஜ்யமும்

தர்மபுரி மாவட்டச் செய்திகளில் மழைக்காலம் முழுக்க ஓர் எண் வந்துகொண்டே இருக்கும்: ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி. சற்று மேலே, பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியை அளக்கிறது. நீர்வரத்து கூடினால் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும்.

இந்த எச்சரிக்கை வேலையை ஒரு நிரலிடம் விடுவதாக வைத்துக்கொள்வோம். அளவை வாங்க ஒரு பகுதி, சரிபார்க்க ஒன்று, எச்சரிக்க ஒன்று. ஒன்று தருவதை அடுத்தது வாங்கிக்கொள்ளும். இதுதான் டேட்டா பைப்லைன். நடுவில் ஓர் உள்ளீட்டை இணைக்க மறந்துவிட்டால் என்ன ஆகும்?

மென்பொருளுக்கு மென்பொருள் பதில் மாறும். சிமுலிங்க் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். எச்சரிப்பதா, நிறுத்திவிடுவதா என்பது நம் விருப்பம். லேப்வியூவில் 'கட்டாயம்' என்று குறித்த உள்ளீடு விட்டுப்போனால் நிரல் ஓடவே ஓடாது. எனக்கு இந்தக் கண்டிப்புதான் பிடிக்கும்.

ஏனென்றால் பூஜ்யம் பொல்லாதது. பிலிகுண்டுலு அளவு வராமல் பூஜ்யமானால், வெள்ளம் புரளும் ஆறு கணினிக்கு வறண்ட ஆறு. குடிநீரின் ஃபுளோரைடு அளவில் இன்னும் மோசம். தர்மபுரியின் நிலத்தடி நீரில் அது மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கூடாது. உதாரணமாக, மூன்று ஆழ்துளைக் கிணறுகளில் 1.6, 1.8, 2.0 என்றால் சராசரி 1.8. இணைக்காத நான்காவது கிணற்றைப் பூஜ்யமாகச் சேர்த்தால் 1.35. கெட்ட நீர் நல்ல நீராகிவிட்டது!

கணினி எண்களுக்கென 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தில், இதற்குக் கைகொடுக்கும் 'நான்' (NaN, எண் அல்ல) என்றொரு மதிப்பு உண்டு. அதோடு எதைக் கூட்டினாலும் விடை 'நான்'தான். அது தனக்குத் தானே கூடச் சமமில்லை. சராசரி கெட்டது உடனே வெளியே தெரிந்துவிடும்.

ஆனால் இதிலும் ஒரு பொறி. 'நீர்வரத்து வரம்பைத் தாண்டியதா?' என்று கேட்டால் 'நான்' தரும் பதில் 'இல்லை'. மணி அடிக்காது. ஆகவே எச்சரிக்கை நிரல் எழுதுகிறவர்கள் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: 'நீர்வரத்து வரம்புக்குள் இருக்கிறதா?' அளவு வராதபோது அதற்கும் பதில் 'இல்லை'தான். இம்முறை பரிசலுக்கு அனுமதி கிடைக்காது.